அன்றைய மனுவும் இன்றைய மனுவும்

நமது நாட்டில் ஓர் ஏழை குடிசையில் கிடந்தால் அதைப்பற்றி ஒருவருக்கும் ஆட்சேபணை உண்டாவதில்லை. அவன் சாக்கடை ஓரத்தில் கிடந்தாலும், வாய்க்கால் புறம்போக்கில் கிடந்தாலும், ஒரு ராத்திரி மழையில் குடிசையோடு போனாலும், "அவன் தலையெழுத்து" என்ற ஒரே வார்த்தையில் கணக்கைத் தீர்த்துவிடுகிறோம். ஆனால் அதே ஏழைக்கு நாலு மாடிக் கட்டிடத்தில் ஒரு வீடு என்றும், அந்தக் கட்டிடம் நமது தெருவுக்கு அடுத்தாற்போல் வரப் போகிறது என்றும் ஒரு செய்தி கிளம்பிவிட்டால் போதும். அதுவரையில் நகராட்சி வாசற்படியை மிதித்தறியாத கனவான்களெல்லாம் மனு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். குடியிருப்போர் நலச் சங்கம் கூடுகிறது. தீர்மானம் போடப்படுகிறது. கலெக்டருக்கு ஒரு பிரதி, மந்திரிக்கு ஒரு பிரதி, பத்திரிகைக்கு ஒரு பிரதி பறக்கிறது. போதாதற்கு வக்கீலும் அமர்த்தப்படுகிறார்.

"நாங்கள் ஏழைகளுக்கு விரோதிகள் அல்ல, அவர்களுக்கு வீடு கொடுக்கட்டும், ஆனால் இங்கே வேண்டாம்" என்பதுதான் இந்த மனுக்களின் சாரம். எங்கே வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை. எந்த இடத்தைச் சொன்னாலும் அந்த இடத்துக்காரர்களும் இதே மனுவைத்தான் எழுதுகிறார்கள். ஆகவே எல்லோரும் ஏழைகளுக்கு வேண்டியவர்களாகவே இருந்துகொண்டு, ஏழை காலூன்ற ஓரிடமும் இல்லாமல் செய்துவிடுகிறோம். இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

இது பெரிய பட்டணத்துச் சங்கதி, நமக்கென்ன என்று தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் உள்ள வாசகர்கள் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. மற்ற எல்லா ஜில்லாக்களையும்விட இந்தக் கேள்வி நம்மைத்தான் அதிகமாக நெருக்கப் போகிறது. ஏன் என்பதைச் சற்று விவரமாகச் சொல்லுகிறோம்.

நமது பள்ளத்தாக்கின் ஸ்திதி

1996இல் மதுரையிலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டமாயிற்று. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி இம்மாவட்டத்தார் ஏறக்குறைய 12 லட்சத்து 46 ஆயிரம் பேர். இவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பட்டணவாசிகள். தேனி அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று 6 நகராட்சிகளும், 22 பேரூராட்சிகளும் இந்தச் சின்ன மாவட்டத்தில் இருக்கின்றன. 2010 கடைசியில் நின்றுபோன மதுரை - போடி ரயில், அகலப் பாதையாகி 2022 மே மாதத்தில் தேனிக்கும், 2023 ஜூன் மாதத்தில் போடிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ரயில் வந்த ஊர் வளருமே தவிரச் சுருங்காது.

வளருகிற ஊருக்கு இடம் எங்கே? ஒரு பக்கம் மேகமலை. மறு பக்கம் ஏலமலை. நடுவில் ஒடுங்கிய ஒரு பள்ளத்தாக்கு. மலையைத் தள்ளி வைக்க நம்மால் ஆகாது. இருக்கிற நிலமோ சாமான்ய நிலமல்ல. 1895இல் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து கொண்டுவந்த தண்ணீர், லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. நெல்லும், வாழையும், கம்பத்துத் திராட்சையும் விளைகிற மண் இது. இந்த மண்ணில்தான் இப்போது ரோட்டோரமெல்லாம் கல் நட்டு, கயிறு கட்டி, வளைவு வைத்து, "இன்ன நகர்" என்று பெயரும் எழுதி, சென்டுக் கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 குடும்பங்களுக்குத் தனித்தனியாக 3 சென்டு மனை என்றால் மனைக்கு மாத்திரம் 3 ஏக்கர் ஆகிறது. தெரு, பூங்கா, மற்றப் பொது இடம் சேர்த்தால் 4 ஏக்கருக்குக் குறையாது. அதே 100 குடும்பங்களுக்கு 600 சதுர அடியில் அடுக்கு வீடு கட்டினால் மொத்தத் தளம் 60,000 சதுர அடி. படிக்கட்டு, நடை முதலியவற்றுக்குக் கால் பங்கு கூட்டினால் 75,000. நமது சர்க்காரின் 2019ஆம் ஆண்டுக் கட்டிட விதிகள், அதிக உயரமில்லாத கட்டிடங்களுக்கு, நிலத்தின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு தளம் கட்ட இடம் கொடுக்கின்றன. அப்படியானால் 37,500 சதுர அடி நிலம், அதாவது 86 சென்டு போதும். பிள்ளைகள் விளையாட இடம் விட்டாலும் ஒரு ஏக்கரைத் தாண்டாது. 100 குடும்பத்துக்கு 3 ஏக்கர் இருபோக நிலம் மிச்சம்! பள்ளத்தாக்கின் பச்சையைக் காப்பாற்ற வேண்டும் என்று மெய்யாகவே ஒருவருக்கு அக்கறை இருக்குமானால், அவர் அடுக்கு வீட்டுக்கு வக்காலத்து வாங்க வேண்டுமே ஒழிய அதை எதிர்த்து மனுப்போடக் கூடாது. வயலை வெட்டி மனையாக்கி, அதில் வீட்டைக் கட்டி, வாசலில் இரண்டு குரோட்டன்ஸ் செடியை வைத்துக்கொண்டு, "அடுக்கு வீடு வந்தால் பசுமை போய்விடும்" என்று பேசுவதைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது.

அன்றியும், இங்கே வீடு வேண்டியிருப்பது யாருக்கு? விடியுமுன்னே எழுந்து, தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு, குமுளிக்கும், கம்பம்மெட்டுக்கும், போடிமெட்டுக்கும் ஜீப்பில் அடைந்துபோய், ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து, இருட்டினபின் திரும்பி வருகிற ஆணும் பெண்ணும்தான். இவர்களுக்கு ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பு வேண்டும். ஊருக்கு வெளியே ஐந்து மைலில் வீடு கொடுத்தால், தூங்குகிற நேரத்தில்தான் அது குறையும்.

ஆட்சேபணைகளின் யோக்கியதை

இனி மனுவில் எழுதப்படும் காரணங்களைப் பார்ப்போம். முதலாவது, தண்ணீர் பற்றாது என்பது. இந்த ஏழைகள் ஆகாயத்திலிருந்து குதிக்கப் போகிறவர்களா? இதே ஊரில் இன்றைக்கும் குடிசையிலும் ஒண்டுக் குடித்தனத்திலும் இருந்து, இதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பவர்கள்தானே? அடுக்கு வீட்டுக்குப் போனதும் அவர்களுக்குப் புதிதாக இன்னொரு வயிறு முளைத்துவிடுமா? தண்ணீர் பற்றவில்லை என்றால், "இன்னும் ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டு, இன்னும் ஒரு குழாய் போடு" என்று கேட்பது மனுஷத்தனம். "ஆளை வரவிடாதே" என்று கேட்பது என்ன தனம்?

இரண்டாவது, ரோட்டில் நெரிசல் என்பது. வீட்டுக்கு ஒரு மோட்டார் காரும் இரண்டு பைக்கும் வைத்துக்கொண்டு, அவற்றைத் தெருவிலேயே நிறுத்துகிறவர்கள், பஸ்ஸுக்கும் ஜீப்புக்கும் நடந்துபோகிறவர்களைப் பார்த்து நெரிசல் என்கிறார்கள்!

மூன்றாவது, பாதுகாப்பு என்பது. "யார் யாரோ வந்துவிடுவார்கள்" என்கிறார்கள். யார் அந்த யாரோ? காலையில் வந்து பாத்திரம் துலக்குகிறவள், குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் கொண்டு போகிறவன், ராத்திரி வாசலில் காவல் கிடக்கிறவன், கொத்தனார், சித்தாள், கக்கூஸ் அடைப்பு எடுக்கிறவன் இவர்கள்தானே? பகலெல்லாம் இவர்களை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுக்கிறீர்கள். வேலை முடிந்து பக்கத்திலேயே படுத்துத் தூங்கினால் மாத்திரம் அவர்கள் திருடர்களாகிவிடுவார்களா? கை வேண்டும், ஆள் வேண்டாம் என்றால் இது எந்த ஊர் ஒழுக்கம்?

நாலாவது, மனை விலை இறங்கிவிடும் என்பது. இந்த ஒன்றைத்தான் உள்ளதைச் சொல்லுகிற ஆட்சேபணை என்று நாம் ஒப்புக்கொள்ளுவோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் ஏழை வந்ததால் செங்கல்லின் பலம் குறைந்ததா? கிணற்றுத் தண்ணீர் உப்பாயிற்றா? ஒன்றுமில்லை. வாங்க வருகிறவன், "பக்கத்தில் என்ன ஆட்கள்?" என்று கேட்கிறான், பதிலைக் கேட்டதும் விலையைக் குறைக்கிறான். ஆகவே அந்த விலையில் மண்ணுக்கு ஒரு பங்கு, கட்டிடத்துக்கு ஒரு பங்கு, ஜாதிக்கு ஒரு பங்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஜாதிப் பங்கு போனால் நட்டம் என்று அழுகிறவர்களுக்கு நாம் எப்படி ஆறுதல் சொல்லுவது?

சட்டம் என்ற ஒரு பேச்சும் வருகிறது. "இது குடியிருப்பு மனை என்று வகுத்த இடம், நிலப் பயன்பாட்டை மாற்றக் கூடாது, விதி விதிதான்" என்கிறார்கள். விதியின்மேல் இவ்வளவு பக்தி எப்போது பிறந்தது? தமிழ்நாடெங்கும் விளைநிலத்தை அங்கீகாரமில்லாமல் மனையாக்கி விற்றுவந்ததற்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. அப்போது என்ன கூக்குரல் எழுந்தது! கடைசியில் 2017இல் சர்க்கார் புது விதி செய்து, 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் விற்ற மனைகளையெல்லாம் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்திக் கொடுத்தது. மத்திய தர வகுப்பாரின் சேமிப்பு வீணாகக் கூடாது என்பதற்காகச் செய்ததை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. தனக்கு வேண்டியபோது ரப்பர்போல் இழுபடுகிற விதி, ஏழைக்கு மாத்திரம் இரும்பாகிவிடுவானேன் என்றுதான் கேட்கின்றோம்.

மதிலின் சரித்திரம்

நிற்க, இந்த ஆட்சேபணையின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மனு தர்ம சாஸ்திரத்தின் 10ஆம் அத்தியாயம், சண்டாளர் முதலியோருக்கு இருப்பிடம் ஊருக்கு வெளியேதான் என்று வகுத்திருக்கிறது. அதற்கு இணங்கத்தான் நமது ஊர் ஒவ்வொன்றும் அக்கிரகாரம், ஊர்த்தெரு, சேரி என்று மூன்றாக அறுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அன்றைய மனுவை எழுதியவர்கள் பார்ப்பனர்கள். இன்றைய மனுவை எழுதுகிறவர்கள் யார்? பார்ப்பனரல்லாத நாமே அல்லவா? அக்கிரகாரத்துக்குள் செருப்போடு நடக்கக்கூடாது என்று ஒரு காலத்தில் நம்மைத் தடுத்தார்கள் என்று மேடையில் கோபப்படுகிறோம். அதே கோபத்தோடு வீட்டுக்கு வந்து, "இன்ன நகர்" வளைவுக்குள் இன்னார் குடிவரக் கூடாது என்ற தீர்மானத்தில் கையெழுத்துப் போடுகிறோம். பூணூல் இல்லாவிட்டாலும் அக்கிரகார புத்தி இருக்கலாம் என்பதற்கு வேறு என்ன ருசு வேண்டும்?

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி மதுரைப் பக்கம் போனால் எழுமலைக்கு அருகில் உத்தப்புரம் இருக்கிறது. அங்கே 1989 கலவரத்துக்குப் பின் ஊருக்கும் ஆதிதிராவிடர் குடியிருப்புக்கும் நடுவே ஒரு மதில் எழுப்பினார்கள். 2008 மே 6ஆம் தேதி சர்க்கார் வந்து அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறக்கும் வரையில், 19 வருஷம் அந்த மதில் நின்றது. கோயமுத்தூர் ஜில்லா மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், ஒரு பெரிய வீட்டுக்கும் ஆதிதிராவிடர் குடியிருப்புக்கும் இடையே ஓங்கி நின்ற மதில், 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை மழையில் சரிந்து, பக்கத்து வீடுகளின்மேல் விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேரைக் கொன்றுவிட்டது. மதில் ஒரு கல் சுவர். ஆட்சேபணை மனு ஒரு காகிதச் சுவர். கல் சுவருக்கு ஜே.சி.பி. இயந்திரம் இருக்கிறது. காகிதச் சுவரை இடிப்பதற்குத்தான் இயந்திரம் இல்லை.

இது நமது நாட்டு நோய் மாத்திரமல்ல. அமெரிக்காவில் லூயிவில் என்ற பட்டணத்தில், வெள்ளையர் அதிகமாக உள்ள வரிசையில் கறுப்பர் குடிபோகக் கூடாது என்று ஒரு சட்டம் செய்தார்கள். 1917இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாது என்றது. நிறத்தைச் சொல்லித் தடுக்க முடியாமல் போனபின், கட்டிடத்தைச் சொல்லித் தடுப்பது வசதியாயிற்று. கிளீவ்லாந்துக்கு அடுத்த யூக்ளிட் என்ற புறநகர், இன்ன பகுதியில் தனி வீடு மாத்திரம், அடுக்கு வீடு கூடாது என்று பகுதி பிரித்தது. 1924இல் கீழ்க்கோர்ட்டு நீதிபதி, இதன் பலன் ஜனங்களை வருமானப்படி வகுத்து ஒதுக்குவதே என்று உள்ளதை உடைத்துச் சொன்னார். 1926இல் சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றி, தனி வீடுகளுக்கு நடுவே வரும் அடுக்கு வீட்டை ஒட்டுண்ணி என்று வர்ணித்து, புறநகரின் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கறுப்பர் என்ற சொல் சட்டத்தில் எங்கும் இல்லை; ஆனால் தனி வீட்டுக்கு வசதியில்லாதவன் அந்தப் பகுதிக்குள் வர முடியாது. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 2018இல் மினியாபொலிஸ் நகரம்தான் தன் எல்லை முழுவதும் "தனி வீடு மாத்திரம்" என்ற கட்டை எடுத்துவிடத் தீர்மானித்த முதல் பெரிய பட்டணங்களில் ஒன்றாக வந்தது. நாமோ, அவர்கள் கழற்றி எறிகிற சங்கிலியை நாகரிகம் என்று எண்ணி எடுத்துப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறோம்.

நமது நாட்டுக் கோர்ட்டுகளும் இதில் பின்வாங்கிவிடவில்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கென்று ஒரு வீட்டுச் சங்கம். அதில் ஓர் அங்கத்தினர் தமது பங்களாவை இடித்துவிட்டுப் புதுக் கட்டிடம் எழுப்ப முனைந்ததில் கிளம்பிய வழக்கு, டில்லி சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. பார்சிகளைத் தவிர மற்றவர்களைச் சேர்ப்பதில்லை என்ற சங்க விதி செல்லும் என்று 2005இல் தீர்ப்பாயிற்று. அதே குஜராத்தில், 2017இல் சர்க்கார் திட்டத்தில் பரோடாவில் கட்டிய 462 வீடுகளில் ஒன்று ஒரு முஸ்லிம் பெண்மணிக்கு ஒதுக்கப்பட்டது. அந்த ஒரு வீட்டுக்காக அங்கே ஆட்சேபணைக் கிளர்ச்சி நடந்ததை 2024 ஜூன் மாதத்தில் பத்திரிகைகளில் பார்த்தோம். அடுக்கு வீட்டில் இருப்பவர்களே அடுத்த வீட்டுக்காரியை ஆட்சேபித்தார்கள் என்றால், ஆட்சேபணை மாடிக்கு அல்ல, மனிதருக்கு என்பது விளங்கவில்லையா? அம்பேத்கர் பெரும்படிப்புப் படித்துவிட்டு 1917இல் உத்தியோகத்துக்குப் போனதும் இதே பரோடாவுக்குத்தான். இருக்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் தங்கி, அங்கிருந்தும் தடியோடு வந்தவர்களால் விரட்டப்பட்டார். 107 வருஷத்தில் பரோடாவில் கட்டிடம்தான் உயர்ந்திருக்கிறது!

உயரம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. மதுரை மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்குமேல் கட்டிடம் எழும்பக் கூடாது என்று 1997இல் அரசாணை போட்டிருக்கிறார்கள். கோபுரம் மறைந்துவிடுமாம்! கல்லாலான சாமிக்குக் காற்றும் வெளிச்சமும் பார்வையும் வேண்டுமென்று சட்டம் செய்கிற நாம், உயிருள்ள மனிதனுக்கு அவை வேண்டும் என்று எத்தனை சட்டம் செய்திருக்கிறோம்? பழைய கட்டிடத்தின் அழகைக் காப்பது வேறு. அதற்காக ஊர் நடுவில் வீடு குறைந்து, ஏழை வெளியே தள்ளப்படும்போது அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பது வேறு.

இந்த மனப்பான்மையால் கஷ்டப்படுகிறவர்கள் ஆதிதிராவிடரும் முஸ்லிம்களும் மாத்திரமல்ல. 1967இல் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று நமது சட்டசபை சட்டம் செய்தது. ஆனால் ஜாதி மாறி மணந்த தம்பதிகள் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், முதல் கேள்வி, "நீங்கள் என்ன ஆட்கள்?" இரண்டாவது கேள்விக்கு அவசியமே இல்லை. புருஷனை இழந்தவள், புருஷனை விட்டு வந்தவள், தனியாக வேலைபார்க்கும் பெண் இவர்களுக்கும் தனி வீட்டுத் தெருக்களில் இதே கதிதான். தாலியைப் பார்த்து வீடு கொடுக்கிற ஊரில், வீடுகள் பெருகினால்தான் வீட்டுக்காரனின் அதிகாரம் குறையும். நூறு வீடு காலியாக இருந்தால் ஜாதி கேட்கிறவனுக்கு வாடகை நட்டம். ஒரு வீடு காலியாக இருந்தால் ஜாதி சொல்லுகிறவனுக்குத் தெருவே கதி.

நியாயமான ஆட்சேபணை எது?

இதையெல்லாம் சொல்லுவதால், கட்டுகிறவன் எப்படிக் கட்டினாலும் சரி என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. 2014 ஜூன் 28இல் சென்னை மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் மாண்டார்கள். 2021இல் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் ஏழைகளுக்கென்று கட்டிய புது வீடுகளில், கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. 1970இல் குடிசை மாற்று வாரியம் என்று தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அதே நிறுவனம்தான் கட்டியது. பெயரை மாற்றினால் சிமெண்டின் விகிதம் மாறிவிடாது. பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை ஒரே இடத்தில் குவித்து, பட்டணத்துக் கூவம் கரையில் இருந்தவர்களையெல்லாம் கொண்டுபோய் அங்கே தள்ளினார்கள். பிழைப்பு பட்டணத்தில், படுக்கை பெரும்பாக்கத்தில் என்றால் அது வீடா? பழைய சேரி தரையில் படுத்திருந்தது. இது எட்டு மாடிக்கு எழுந்து நிற்கிற சேரி. பெரும்பாக்கம் ஏன் உண்டாயிற்று? பட்டணத்து நடுவில் "இங்கே வேண்டாம்" என்று ஒவ்வொரு தெருவும் சொன்னதன் கூட்டுத் தொகைதான் பெரும்பாக்கம்.

ஆகவே நாம் ஒரு சின்ன உரைகல்லை வாசகர்களிடம் கொடுக்கிறோம். எந்த ஆட்சேபணையைக் குழாயாலும், கம்பியாலும், செங்கல்லாலும், பணத்தாலும் தீர்க்க முடியுமோ அது நியாயமான ஆட்சேபணை. எந்த ஆட்சேபணை ஆளை மாற்றினால் ஒழியத் தீராதோ, அது ஜாதி. முன்னதைக் கொண்டு வருகிறவரோடு நாமும் சேர்ந்து நகராட்சி வாசலில் நிற்போம். பின்னதைக் கொண்டு வருகிறவர் எவ்வளவு பெரிய தமிழ்ப்பற்றுக்காரராக இருந்தாலும், எத்தனை மாநாட்டுக்கு நன்கொடை கொடுத்தவராக இருந்தாலும், அவரை எதிர்த்தே நிற்போம்.

வேறு வழி உண்டா என்று கேட்டால், உண்டு. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்டு 17இல் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகள், அதில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. கோயில் இல்லை, சுடுகாடு ஒன்றே. பிறகு இப்படி இருநூறுக்கு மேற்பட்ட ஊர்கள் தோன்றின. அதிலும் ஒரு குறை உண்டு. சமத்துவம் ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டப்பட்டதே தவிர, பழைய ஊர் பழையபடியே இருந்துவிட்டது. சமத்துவபுரத்தை ஊருக்குள் கொண்டுவர வேண்டுமானால் அதற்கு அடுக்கு வீட்டைவிட நல்ல கருவி கிடையாது. நமது தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் சிங்கப்பூரில் ஜனங்களில் பத்தில் எட்டுப் பேர் சர்க்கார் கட்டிய அடுக்கு வீடுகளில் இருக்கிறார்கள். 1989 முதல், ஒரே இனத்தார் ஒரே கட்டிடத்தில் குவிந்துவிடாமல் விகிதாசாரமும் வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சீனனும் மலாய்க்காரனும் தமிழனும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினால் யாருடைய தெய்வமும் கோபித்துக்கொள்ளவில்லை என்பதை மாத்திரம் சொல்லுகிறோம்.

செய்ய வேண்டியது

நமது பள்ளத்தாக்கின் ஆறு நகராட்சிகளும் பேரூராட்சிகளும் இப்போதே சில காரியங்களைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஏழைகளுக்குக் கட்டும் வீடு பஸ் நிலையம், சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இவற்றுக்கு நடந்துபோகிற தூரத்தில் இருக்க வேண்டுமே தவிர, கரட்டு அடிவாரத்தில் அல்ல. இருபோக வயலில் இனி ஒரு மனைக்கும் அங்கீகாரம் கொடுக்கக் கூடாது. அடுக்கு வீட்டில் எல்லா ஜாதியாரும் கலந்திருக்கும்படி, இன்னாருக்கு இன்ன வீடு என்பதைப் பொதுவில் குலுக்கிப் போட்டு ஒதுக்க வேண்டும். தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் தயாரான பிறகே குடிவைக்க வேண்டும். கட்டிடத்தின் பலத்தை வெளியார் சோதித்த அறிக்கையை ஊரார் பார்க்க வாசலில் ஒட்ட வேண்டும். நிலப் பயன்பாட்டை மாற்றும்போது ஆட்சேபணை கேட்கட்டும். ஆனால் அப்படிக் கேட்கும் அதிகாரி, ஆட்களின் ஜாதியையும் தொழிலையும் "தரத்தையும்" பற்றி எழுதின மனுவை அப்பொழுதே திருப்பியனுப்ப வேண்டும். இதெல்லாம் சர்க்கார் வேலை.

வாசகர்களாகிய உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்களில் பலர் சொந்த வீட்டுக்காரர்கள். நலச் சங்கங்களில் அங்கத்தினர்கள். நாளைக்கு உங்கள் தெருவிலும் ஒரு மனு சுற்றுக்கு வரும். நாலு பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஐந்தாவதாக உங்களிடம் பேனாவை நீட்டுவார்கள். "எல்லோரும் போட்டுவிட்டார்கள், நீங்களும் போடுங்கள்" என்பார்கள். அந்தச் சமயத்தில் மேடையில் கைதட்டினது உதவாது. வீட்டில் படம் மாட்டினதும் உதவாது. பேனாவை வாங்காமல், "குழாய் கேட்பதானால் போடுகிறேன், ஆளைத் தடுப்பதானால் போடமாட்டேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பத்து நாள் பேசாமல் இருப்பார், அவ்வளவுதான் நட்டம். பழைய மனுவைக் கொளுத்துவதைவிடப் புது மனுவில் கையெழுத்துப் போடாமல் இருப்பது கஷ்டமான காரியம் என்பது நமக்குத் தெரியும். கஷ்டமான காரியத்தைத்தான் உங்களிடம் கேட்கின்றோம்.